கடலும் குளமும்: திமிங்கல வர்க்கத்தைக் கேளிக்கைக்காகச் சிறைவைப்பதன் நியாயம் குறித்து

1. பிரச்சினையும் அதன் எல்லையும்

தாம்பரத்திலிருந்து வண்டலூரை அடைந்து, கேளம்பாக்கம் சாலையில் கிழக்கே திரும்பி, கோவளத்தில் கடலைக் கண்டு, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கித் தெற்கே செல்லும் ஒருவர், மனிதன் பிற ஜீவராசிகளை அடைத்துவைப்பதற்குக் கற்பித்துக்கொண்ட வெவ்வேறு நியாயங்களின் உருவங்களை வழிநெடுகக் காணலாம். வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா இருக்கிறது. வடநெம்மேலியில் முதலைப் பண்ணையும், அதன் வளாகத்திலேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் இருக்கின்றன. அதற்குச் சற்றுத் தெற்கே பட்டிபுலத்தில், 1990களின் பிற்பகுதியில், டால்ஃபின்களை வேடிக்கை காட்டுவதற்கென்றே 'டால்ஃபின் சிட்டி' என்னும் கேளிக்கைக் கூடம் இருந்தது. மூன்று இடங்களிலும் விலங்குகள் அடைக்கப்பட்டன என்பது பொது. அம்மூன்றையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பது சரியாகுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இக்கேள்வியைப் பற்றி இன்று நிலவும் அபிப்பிராயங்கள் இரண்டு. விலங்கை அடைத்துவைப்பது எதுவாயினும் கொடுமையே என்பது ஒன்று; உணவும் வைத்தியமும் குறைவின்றிக் கிடைக்குமாயின் காட்சிசாலையில் தவறில்லை என்பது மற்றொன்று. முதலாவது இரக்கத்திலிருந்து பிறந்ததாயினும், அழிவிலிருந்து ஓர் இனத்தைக் காக்கும் முயற்சியையும் காசு வாங்கிக்கொண்டு வித்தை காட்டவைக்கும் வியாபாரத்தையும் வேறுபடுத்த இயலாமல் போய்விடுகிறது. இரண்டாவது, ஒரு பிராணியின் வாழ்வென்பது அதன் வயிறு மட்டுமே என்று கருதிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் வெளியே நின்று, திமிங்கலம், டால்ஃபின் முதலிய கடல்வாழ் பாலூட்டிகளை, அதாவது திமிங்கல வர்க்கத்தை, மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய முற்படுகிறேன்.

2. பட்டிபுலத்தில் நடந்தது

1998ஆம் ஆண்டில் பல்கேரியாவிலிருந்து டால்ஃபின்கள் பட்டிபுலத்துக்குக் கொண்டுவரப்பட்டன. கருங்கடல் நாடொன்றிலிருந்து வங்கக் கடற்கரைக்கு வந்த அந்தப் பிராணிகள், தங்களுக்கென அமைக்கப்பட்ட குளத்தில் ஆறு மாதங்களுக்குள் மாண்டன. அலையோசை கேட்கும் தூரத்தில் அவை இறந்தன என்பதையும், அந்தக் கடலில் அவற்றின் உறவினங்கள் அன்றும் இன்றும் நீந்துகின்றன என்பதையும் எண்ணிப் பார்ப்பவர்க்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. தென்மாவட்டக் கடற்கரையில் ஓங்கில் என்று வழங்கும் அவ்வினங்களைப் படகுக்கு அருகே துள்ளக் காண்பது நம் மீனவர்க்குப் புதிதன்று.

ஒரு சம்பவத்தைக் கொண்டு ஒரு பொது விதியை நிறுவிவிட முடியாது என்ற ஆட்சேபம் நியாயமானதே. அங்கே நிர்வாகம் சரியில்லை, தக்க மருத்துவர் இருந்திருந்தால் அவை பிழைத்திருக்கும் என்று ஒருவர் வாதிடலாம். ஆகவே, பணமும் விஞ்ஞானமும் மருத்துவமும் தாராளமாக உள்ள தேசங்களில் இப்பிராணிகளின் கதி என்னவாயிற்று என்பதைப் பார்ப்பதுதான் முறை.

3. மேலை நாடுகளின் அனுபவம்

1938இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் திறக்கப்பட்ட 'மரைன் ஸ்டுடியோஸ்' என்ற நிலையத்திலிருந்து டால்ஃபின் காட்சிகளின் நவீன சரித்திரம் தொடங்குகிறது. டால்ஃபின் குடும்பத்தில் மிகப் பெரியதும், கொலைத்திமிங்கலம் என்று அழைக்கப்படுவதுமான ஓர்க்கா, 1960களில் இவ்வியாபாரத்துக்குள் வந்தது. 1961இல் கலிஃபோர்னியாவில் முதன்முதலாகப் பிடிக்கப்பட்ட ஓர்க்கா இரண்டு நாட்களுக்குள் இறந்தது. 1964இல் கனடாவின் வான்கூவரில், சிலை வடிப்பதற்கு மாதிரியாக ஒன்றைக் கொல்லச் சென்றவர்கள், ஈட்டி பாய்ந்தும் அது சாகாததால் உயிரோடு இழுத்துவந்து கட்டிவைத்தனர். அது மூன்று மாதமளவு உயிரோடிருந்தது. அதன் சாதுவான சுபாவத்தைக் கண்டு உலகம் வியந்தது. அந்த வியப்பே அவ்வினத்துக்கு விபத்தாயிற்று. 1970ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வாஷிங்டன் மாநிலத்துப் பென் கோவ் என்னுமிடத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட ஓர்க்காக்கள் வலைகளுக்குள் வளைக்கப்பட்டு, தாய்களிடமிருந்து பிரிக்கப்பட்ட இளம் உயிர்கள் ஏழு விற்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான டோக்கிடே, 'லோலிட்டா' என்ற மேடைப் பெயருடன் மயாமி நகரத்துக் குளமொன்றில் ஐம்பதாண்டுக்கு மேல் வாழ்ந்து, அதைக் கடலுக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடுகள் பேசப்பட்டுக்கொண்டிருந்தபோதே, 2023 ஆகஸ்டில் அங்கேயே இறந்தது.

1983இல் ஐஸ்லாந்துக் கடலில் இரண்டு வயதளவில் பிடிக்கப்பட்ட டிலிக்கம் என்ற ஆண் ஓர்க்காவின் சரித்திரம் இதனினும் கடுமையானது. 1991, 1999, 2010 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த மூன்று மனித மரணங்களில் அதற்குத் தொடர்பு இருந்தது. அவற்றுள் இருவர் அதைப் பழக்கும் பணியிலிருந்த பெண்கள். திறந்த கடலில் ஓர்க்கா ஒரு மனிதரைக் கொன்றதற்கு நம்பத்தக்க பதிவு ஒன்றும் இல்லாதிருக்க, குளத்தில் மட்டும் இது நேர்வதேன் என்ற கேள்வியை 2013இல் வெளிவந்த 'பிளாக்ஃபிஷ்' என்ற ஆவணப்படம் வீடுதோறும் கொண்டுசென்றது. 2016இல், ஓர்க்காக் காட்சிகளை நடத்திவந்த அமெரிக்க நிறுவனமான சீவேர்ல்டு, அவற்றை இனப்பெருக்கம் செய்விப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. 2019இல் கனடா இவ்வகைச் சிறைவைப்பைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தை இயற்றியது. பிரான்ஸ் 2021இல் அதே வழியில் சென்றது. பிரிட்டனின் கடைசி டால்ஃபின் கூடம் 1993லேயே மூடப்பட்டிருந்தது.

4. உடலும் குளமும்

ஓர்க்காவை வைத்திருப்பதற்கு அமெரிக்க அரசின் விதிகள் வகுத்திருக்கும் குறைந்தபட்ச அளவைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். வளர்ந்த ஓர்க்காவின் சராசரி நீளம் 24 அடி என்று கொண்டு, குளத்தின் குறுக்களவு அதன் இரு மடங்கு, அதாவது 48 அடியும், ஆழம் அந்த உடல் நீளத்தில் பாதி, அதாவது 12 அடியும் இருந்தால் போதும் என்பது விதி. அந்த ஆழத்தில் அப்பிராணி தலைகீழாக நின்றால் அதன் உடலில் பாதி நீருக்கு வெளியே இருக்கும். கடலிலோ ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் சஞ்சரிக்கவும், நூறு மீட்டருக்குக் கீழே மூழ்கவும் வல்லது அது. பெரிய நிறுவனங்கள் இதைவிடப் பெரிய குளங்களைக் கட்டியிருப்பது உண்மையே. ஆயினும் இருப்பவற்றுள் மிகப் பெரிய குளமும் அவ்வுயிரின் ஒரு நாளைய சஞ்சாரத்தோடு ஒப்பிடத்தக்கதன்று.

இந்த முரண்பாடு உடலிலேயே எழுதப்படுகிறது. அமெரிக்க நிறுவனமொன்றின் 29 ஓர்க்காக்களைப் பற்றி 2017இல் வெளிவந்த ஆய்வு, அவை எல்லாவற்றின் பற்களிலும் சேதம் இருந்ததைக் கண்டது. சிமெண்டுச் சுவரையும் இரும்புக் கதவையும் ஓயாமல் கடித்துக்கொண்டிருப்பதால் பல் தேய்ந்து உடைகிறது. உடைந்த பல்லின் கூழ் துளையிட்டு அகற்றப்படுகிறது. அத்துளை அடைக்கப்படாமலே விடப்படுவதால் தினந்தோறும் அதைக் கழுவவேண்டியிருக்கிறது. சிறையில் வளர்ந்த ஆண் ஓர்க்காக்களின் முதுகுத் துடுப்பு பெரும்பாலும் மடிந்து சாய்ந்துவிடுகிறது. கடலில் அது அரிது.

ஆயுளைப் பற்றிய சான்றுகளில் கருத்துவேறுபாடு உண்டு. 2015இல் வெளிவந்த இரண்டு ஆராய்ச்சிகளுள், ஒன்று சிறையிலுள்ள ஓர்க்காக்கள் கடலில் இருப்பவற்றைவிடக் குறைவாகவே பிழைத்திருக்கின்றன என்றது. சீவேர்ல்டு விஞ்ஞானிகள் பங்குகொண்ட மற்றொன்று, அண்மைக் காலத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றது. குளத்துச் சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியால் இவை சித்தப்பிரமை அடைகின்றன என்று பிரசாரங்களில் அடிக்கடி சொல்லப்படுவதையும் நிரூபிக்கப்பட்ட உண்மையாக நான் கொள்ளவில்லை. இவ்விரண்டையும் விட்டுவிட்டாலும் வாதம் தளர்வதில்லை. கைதி ஒருவர் வெளியிலிருப்பவர் அளவுக்கே ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதனால் சிறை வீடாகிவிடாது. எத்தனை ஆண்டு வாழ்ந்தது என்பதோடு, எத்தகைய வாழ்வை வாழ்ந்தது என்பதும் கேட்கப்படவேண்டிய கேள்வி.

அந்த வாழ்வின் சாரம் கூட்டுறவு. 2016 ஜனவரியில் திருச்செந்தூரை அடுத்த கடற்கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரை ஒதுங்கியதை நம்மவர் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். மீனவர்கள் அவற்றைப் படகுகளில் கட்டி ஆழக்கடலுக்கு இழுத்துச் சென்று விட்டபோதும், அவற்றுட் சில கரையை நோக்கியே திரும்பி வந்தன. தூத்துக்குடிக் கடற்கரையில் 1973 ஜனவரியிலும் இதே இனத்தின் 147 திமிங்கலங்கள் இவ்வாறு ஒதுங்கியதாகப் பதிவு உண்டு. இவை ஏன் கரை ஏறுகின்றன என்பதற்குத் தீர்மானமான விடை இன்னும் இல்லையெனினும், நோயுற்றதையோ வழிதவறியதையோ கைவிட்டுப் பிரிய மாட்டாத பந்தம் முக்கியமான காரணங்களுள் ஒன்று என்பதே ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. கூட்டத்தை விட்டுத் தனியே பிழைப்பதைவிடக் கூட்டத்தோடு அபாயத்துக்குள் செல்லும் இயல்புடைய ஓர் உயிரைக் குட்டிப் பருவத்தில் பிரித்தெடுத்து, வேறு கடல்களிலிருந்து பிடிக்கப்பட்ட அந்நியர்களோடு அடைப்பது, அதன் வாழ்வின் மையத்தையே பிடுங்குவதாகும்.

5. எதிர்த்தரப்பின் வாதங்கள்

எதிர்த்தரப்பினர் கல்வி, ஆராய்ச்சி, பாதுகாப்பு என்னும் மூன்றை முன்வைக்கின்றனர்.

திமிங்கலத்தை நேரில் காணும் குழந்தை கடலை நேசிக்கக் கற்கும் என்பது கல்வி வாதம். இதை முற்றிலும் தள்ளிவிட இயலாது. ஓர்க்காவைப் பற்றி உலகுக்கு இருந்த அச்சத்தை மாற்றியதில் காட்சிசாலைகளுக்குப் பங்கு உண்டு. ஆனால் இசைக்கேற்பச் சுழன்று, மூக்கினால் பந்தைத் தூக்கி, தட்டில் உள்ள செத்த மீனுக்காக வாய் திறந்து நிற்கும் பிராணியிடம் குழந்தை கற்பது, பிற உயிர்கள் நம் சந்தோஷத்துக்காகவே இருக்கின்றன என்ற பாடத்தைத்தான். தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளைக் கோவளத்து மீனவரோடு அரை நாள் பேசவைத்தால், கடலைப் பற்றி அவர்கள் அறிவது இதனினும் அதிகம்.

ஆராய்ச்சி வாதத்துக்கு வலிமை அதிகம். டால்ஃபின்களின் கேட்கும் திறன், எதிரொலியால் பொருளை அறியும் சக்தி, கண்ணாடியில் தன்னைத் தானே அடையாளம் காணும் ஆற்றல் ஆகியவை அடைக்கப்பட்ட டால்ஃபின்களிடமிருந்தே பெரிதும் அறியப்பட்டன. அந்த அறிவுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அந்த அறிவு நமக்குச் சொன்னது என்ன? இவை தம்மைத் தாம் அறியும் உயிர்கள் என்பதை. அதைத் தெரிந்துகொண்ட பின்னும் அவற்றைத் தொடர்ந்து அடைத்துவைக்க, அந்த அறிவையே காரணம் காட்டுவது பொருந்தாது.

இனப் பாதுகாப்பு வாதம் உண்மைகளின் முன் நிற்கவில்லை. காட்சிசாலைகளில் பெரிதும் காணப்படும் போத்தல்மூக்கு டால்ஃபின் அழிவின் விளிம்பில் உள்ள இனம் அன்று. உண்மையிலேயே அழிந்துகொண்டிருக்கும் வக்கீட்டா என்ற மெக்சிகோ நாட்டுச் சிறு இனத்தைக் காப்பதற்காக 2017இல் விஞ்ஞானிகள் சிலவற்றைப் பிடிக்க முயன்றபோது, பிடிபட்ட பெண் விலங்கொன்று இறந்துபோக, முயற்சி கைவிடப்பட்டது. நம் தேசிய நீர்வாழ் உயிரினமாக 2009இல் அறிவிக்கப்பட்ட கங்கை டால்ஃபினைக் காப்பதும், நதியைக் காப்பதனால்தான் ஆகுமேயன்றிக் குளம் கட்டுவதனால் ஆகாது.

6. வடநெம்மேலி தரும் அளவுகோல்

சிறைவைப்பு எதுவும் நியாயமாகாது என்று நான் சொல்லவில்லை என்பதற்கு வடநெம்மேலியே சான்று. தோல் வியாபாரத்தால் இந்திய முதலை இனங்கள் அழிந்துகொண்டிருந்த காலத்தில், 1976இல், ரோமுலஸ் விட்டேக்கர் முதலியோர் அங்கே முதலைப் பண்ணையை நிறுவினர். முட்டைகள் பொரிக்கப்பட்டன, குட்டிகள் பெருகின, பண்ணையில் பிறந்தவை பல மாநிலங்களின் நீர்நிலைகளுக்குச் சென்றன. பின்னாளில், விடுவதற்கு இடமின்றி முதலைகள் தேங்கிப்போன சங்கடமும் அங்கே ஏற்பட்டது. நல்ல நோக்கமுள்ள சிறைவைப்புக்கும் ஒரு விலை உண்டு என்பதற்கு அது உதாரணம். எனினும் அந்தப் பண்ணை முதலை இனத்துக்காகவே தொடங்கப்பட்டது என்பதை யாரும் மறுக்க முடியாது.

1978இல் தோன்றிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தின் முறை இன்னும் கவனிக்கத்தக்கது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் இருளர்கள் வயல்வரப்புகளில் பிடித்து வருகின்றனர். ஒவ்வொரு பாம்பும் வாய் துணியால் கட்டப்பட்ட மண்பானையில் வைக்கப்படுகிறது. சில வார காலத்துக்குள் சில முறை மட்டும் அதன் விஷம் கண்ணாடிக் குவளையில் எடுக்கப்படுகிறது. பிறகு, அதே பாம்பு மீண்டும் பிடிபட்டுவிடாமலிருக்க வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு முறிமருந்து தயாராகிறது. பாம்புக்கு அது துன்பமே. ஆனால் அத்துன்பத்துக்கு ஓர் எல்லை உண்டு, பதிலுக்குக் காக்கப்படுவது மனித உயிர், முடிவில் பாம்புக்கு அதன் காடு திரும்பக் கிடைக்கிறது.

இவற்றிலிருந்து மூன்று நிபந்தனைகளை வகுக்கலாம். முதலாவது, சிறைவைப்பின் நோக்கம் அவ்வினத்தின் பிழைப்பாகவோ, வேறு வழியில் நிறைவேறாத ஒரு பெருந்தேவையாகவோ இருத்தல் வேண்டும். இரண்டாவது, அவ்வுயிரின் வாழ்வுக்கு இன்றியமையாதவை அடைக்கும் இடத்துக்குள் ஓரளவேனும் கிடைக்கவேண்டும். மூன்றாவது, கூடுமிடத்தெல்லாம் அச்சிறைக்கு ஒரு முடிவு இருக்கவேண்டும். பாம்புச் சங்கம் மூன்றையும் பெரும்பாலும் நிறைவேற்றுகிறது. 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தோன்றி 1985இல் வண்டலூரின் விசாலமான காட்டுநிலத்துக்கு மாறிய நம் பூங்கா, சிங்கவால் குரங்கு போன்ற அருகிவரும் இனங்களைப் பெருக்கும் அளவில் முதல் நிபந்தனையையும், இடத்தின் விஸ்தாரத்தால் இரண்டாவதையும் ஓரளவு நிறைவேற்றுகிறது. மற்றவற்றில் அது விமரிசனத்துக்கு உரியதே. திமிங்கலக் காட்சியோ மூன்றிலும் ஒருசேரத் தோற்கிறது. அதன் நோக்கம் கேளிக்கை. அது தரும் குளத்தில் ஆழமும் தூரமும் சுற்றமும் இல்லை. அதன் முடிவு பெரும்பாலும் மரணம். கேய்க்கோ என்ற ஓர்க்கா, பெரும்பொருள் செலவில் 1998இல் ஐஸ்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 2002இல் கடலில் விடப்பட்ட பின்னும், தன்னினத்தோடு முழுமையாகச் சேராமல், மனிதரை நாடியே நார்வே கரைக்கு வந்து, 2003 டிசம்பரில் இறந்தது. மீளும் வழியையும் அழித்துவிடும் சிறை இது.

7. இந்தியச் சட்டத்தின் நிலை

திருவான்மியூரில் தொடங்கி மாமல்லபுரம் நோக்கி ஓடும் இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்துக்கு ஜீவகாருண்யச் சட்டத்தின் சரித்திரத்திலும் ஓர் இடம் உண்டு. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த மசோதாவே 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்தானது. அச்சட்டத்தின்கீழ் 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே தலைவரானார். அவர் வளர்த்த கலாக்ஷேத்திரம் உள்ள திருவான்மியூரிலேயே அவ்வாரியத்தின் தலைமை அலுவலகம் நெடுங்காலம் இயங்கியது.

அச்சட்டத்தின் 22ஆம் பிரிவு, இன்ன விலங்குகளை வேடிக்கைக்குப் பழக்கக்கூடாது என்று அறிவிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கிறது. அதன்படி 1998 அக்டோபரில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவை தடைசெய்யப்பட்டன. சர்க்கஸ் உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை உறுதிசெய்தது. 2011இல் காளையும் பட்டியலில் சேர்ந்தது. பட்டிபுலத்துக்கு டால்ஃபின்கள் வந்த அதே 1998இல் வெளிவந்த அப்பட்டியலில் டால்ஃபின் இல்லை.

2013இல் கேரளம், மகாராஷ்டிரம் முதலிய மாநிலங்களில் டால்ஃபின் கூடங்கள் அமைக்கும் யோசனைகள் எழுந்தபோது, அவ்வாண்டு மே 17ஆம் தேதி மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் மாநில அரசுகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பி, இத்தகைய கூடங்களுக்கு அனுமதி தரலாகாது என்றது. இந்தியா டால்ஃபினை மனிதரல்லாத ஒரு நபர் என்று பிரகடனம் செய்துவிட்டது என்று அப்போது உலகப் பத்திரிகைகள் எழுதின. இன்றும் பலர் அவ்வாறே நம்புகின்றனர். அது சரியன்று. விஞ்ஞானிகள் சிலர் அவ்வாறு கருதுகின்றனர் என்பதைச் சுற்றறிக்கை தன் முகவுரையில் எடுத்துக் கூறிற்றேயன்றி, எந்த உரிமையையும் அது சிருஷ்டிக்கவில்லை. 2014இல் ஜல்லிக்கட்டு வழக்கில் விலங்குகளுக்குக் கண்ணியமான வாழ்வு உண்டு என்று பேசிய உச்ச நீதிமன்றமும், 2023இல் அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பில், விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று கொள்ள முன்வரவில்லை. ஆகவே, டால்ஃபின் காட்சிக்கு எதிராக நம்மிடம் நேராக இருப்பது ஒரு சுற்றறிக்கையே. சுற்றறிக்கையை எழுதிய கை அதைத் திரும்பப் பெறவும் கூடும்.

8. முடிபு

திமிங்கல வர்க்கத்தைக் கேளிக்கைக்காகச் சிறைவைப்பது, நிர்வாகத்தைச் சீர்செய்து திருத்தத்தக்க குறை அன்று. எவ்வளவு செலவிட்டாலும் குளத்தைக் கடலாக்க முடியாதாகையால், அது அடியோடு விடத்தக்க தவறு. சென்னையின் தென்புறம் நாளுக்கு நாள் பெருகுகிறது; கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதிய கேளிக்கைப் பூங்காக்களும் மீன் காட்சிசாலைகளும் எழுகின்றன; விடுமுறை நாளில் குடும்பத்தோடு போவதற்கு இடம் தேடும் ஜனங்கள் இப்பக்கம் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பட்டிபுலத்து யோசனை வேறு பெயரில் மறுபடி வருவதற்கு வேண்டிய சூழ்நிலை யாவும் இங்கே உண்டு. ஆதலால், மத்திய அரசு 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப் பட்டியலில் திமிங்கல வர்க்கம் முழுவதையும் சேர்க்கவேண்டும்; அவற்றைக் காட்சிக்காக இறக்குமதி செய்வதையும் சட்டத்தாலேயே தடைசெய்யவேண்டும். இதை வற்புறுத்தும் முதற்குரல் அந்த டால்ஃபின்கள் மாண்ட இந்தக் கரையிலிருந்தே எழவேண்டும் என்று, இக்கரையின் பிரதிநிதிகளையும் வாசகர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.